இடது பை

நான் சட்டை தைத்தவள் இல்லை.
பதினோரு வருஷம் தைத்தது
இடது மார்புப் பை மட்டும்.
காலர் ஆல்டோனா, கைப்பட்டி கொன்செட்டா,
காஜா அடித்தது காது கேளாத எட்னா.
முழுச் சட்டை என்று ஒன்றை
இஸ்திரி மேஜைக்காரிகள்தான் பார்த்தார்கள்.

பென்சில்வேனியாவில் எங்கள் ஊர்ச் சுரங்கம்
ஐம்பத்துநாலில் தண்ணீர் ஏறி மூடிக்கொண்டது.
ஆண்கள் வீட்டில் உட்கார்ந்து
உருளைக்கிழங்கு சீவப் பழகினார்கள்.
தோலோடு பாதிக் கிழங்கு போகும்.
நாங்கள் சொன்னதில்லை.

காலை ஏழுக்குச் சங்கு. சுரங்கத்துச் சங்கேதான்,
முதலாளி மலிவாய் வாங்கி மாட்டியது.
அது ஊதினால் காசிமிர்
தூக்கத்திலேயே காலால் பூட்ஸைத் துழாவுவான்.
எழுந்து போவது நான்.

மூன்று டஜன் ஒரு கட்டு. கட்டுக்கு ஒரு சீட்டு.
சீட்டை வெட்டி, நக்கி, தாளில் ஒட்டினால் காசு;
ஒட்ட மறந்தால் தைத்தது தர்மக்கணக்கு.
நாக்கில் எந்நேரமும் அந்தப் பசை,
ஞாயிற்றுக்கிழமை நற்கருணை அப்பத்திலும்.

ஒருநாள் நியூயார்க்கிலிருந்து ஒருவன் வந்தான்,
கழுத்தில் ஸ்டாப் வாட்ச், மூச்சில் பெப்பர்மின்ட்.
வேகமாய்த் தைத்தால் கூலி குறையும்
மெதுவாய்த் தைத்தால் வேலை போகும்
இரண்டுக்கும் நடுவே ஒரு வேகம் இருந்தது.
பேசி வைக்காமலே மூன்று வரிசையும்
அதைக் கண்டுபிடித்தோம்.
நூல் அறுந்தது. ஊசி முறிந்தது.
கொன்செட்டாவுக்குத் திடீரென்று இருமல்.
எட்னா பாதத்தால் தரையின் அதிர்வை வாங்கி
எங்களோடு மெதுவானாள்.

ஆல்டோனா மட்டும் தலை நிமிரவில்லை.
அவன் வாட்ச் அவள் பின்னாலேயே நின்றது.

அடுத்த வாரம் எல்லாக் காலர்காரிகளுக்கும்
டஜனுக்கு இரண்டு சென்ட் வெட்டு.
பிறகு யாரும் அவளோடு சாப்பிடவில்லை.
பின்படிக்கட்டில் தனியே அவித்த முட்டை உரிப்பாள்.
நானும் போகவில்லை.
அவள் வீட்டுக்கு ஆக்சிஜன் உருளை
வாடகைக்கு வந்திறங்கியதைப் பார்த்தவள் நான்.
பார்த்தும்
போகவில்லை.

பிப்ரவரியில் ஃப்ளோரியனைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள்.
நெஞ்சு நிறைய கரித்தூள், மேலே வெள்ளைச் சட்டை.
எங்கள் லேபிள்.
கத்தி முனைபோல் காலர், அது அவள் கை.
கோட்டுக்குள் பாதி மறைந்த இடது பையில்
கீழ்மூலைத் தையல் ஒரு நூல் விலகியிருந்தது.
அது என் கை. திங்கட்கிழமைத் தையல்.

வரிசை நகர்ந்தது. ஆல்டோனா என் விரல்களைப் பிடித்தாள்.
"செகண்ட்ஸ் பெட்டியில் எடுத்தது,
பாதி விலை," என்றாள்.
வருந்துகிறேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
"பை கோணல்," என்றேன்.
"பார்த்தேன்," என்றாள்,
"அவர் கவனிக்கமாட்டார்."

அடுத்த வியாழன் பின்படிக்கட்டில்
இரண்டு பேருக்கே இடம் நெருக்கம்.
எட்னா டிபன் டப்பாவோடு வந்து நின்றபோது
நான் ஒரு படி கீழே இறங்கி
உட்கார்ந்துகொண்டேன்.