எஸ் ஐந்து

தரம் பார்க்கும் மேசையில் எனக்கொரு அட்டை தந்தார்கள்.
பழுதின் பெயரை முழுதாய் எழுத நேரமில்லை,
முதல் எழுத்து, பிறகு மொத்தம் எத்தனை எழுத்து,
அவ்வளவு போதும் என்றார்
கொழும்பிலிருந்து வந்த இந்திக சேர்.
துளைக்கு எச் நாலு.
பொத்தானுக்கு பீ ஆறு.
கறைக்கு எஸ் ஐந்து.

மூன்று கிழமை ஒரு குழப்பமும் இல்லை.
நாலாம் கிழமை நீலச் சேட்டுகள் வந்தன.
இடக்கை ஒரு நீலம், வலக்கை வேறொரு நீலம்,
இரணைமடு காலையில் ஒன்றும்
வான்கதவு திறந்த பின்னேரம் ஒன்றுமாய்க் கிடக்குமே, அப்படி.
நிறம் பிசகினால் ஷேட்.
விரல்விட்டு எண்ணினேன். ஐந்து.
முந்நூற்று நாற்பது கொலரின் உட்புறத்தில்
அழியாப் பேனையால் எழுதினேன்.

கழுவும் பகுதியில் அதைக் கறை என்று வாசித்தார்கள்.
மருந்து போட்டுக் கழுவினார்கள்.
எல்லாம் வெளிறி
சுண்ணாம்பு உதிர்ந்த சுவர் மாதிரித் திரும்பி வந்தன.

விசாரணை. கண்ணாடி அறை, குளிர்.
எங்கள் வாயில் இவை ஒருநாளும் மோதியதில்லை, சேர்.
ஸ்ரெயின் பல்லில் தொடங்கும், ஷேட் அண்ணத்தில்.
தமிழில் எழுதிப் பாருங்கள், தலையெழுத்தே வேறு.
உங்கள் தாளில் மட்டும்தான்
இரண்டும் ஒரு உடுப்புப் போட்ட இரட்டைப் பிள்ளைகள்.
நேர்மையாய்ச் சொன்னால்
நாங்கள் தடுமாறும் இடம் வேறு:
சட்டையும் எங்களுக்குச் சேட்,
அவசரத்தில் நிறமும் சேட்.
ஆனால் சட்டையையே பழுதென்று யார் எழுதப்போகிறார்கள்?

இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.
விளக்கம் இங்கிலீசில் வேணும் என்று தாளை நீட்டினார்.
எனக்கு வந்த ஒரே சொல் சொறி.
எண்ணிப் பார்த்தேன். எஸ். ஐந்து.
சிரிப்பு வந்துவிட்டது.
அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து ஒரு நாள் சம்பளம் போனது.

ஆறு பத்து பஸ். பரந்தன் தாண்ட
முழுக் கதையையும் கேட்ட டிலக்சனா
"இன்னும் சொல்லுங்கோடி, எஸ் ஐந்து" என்றாள்.
சுகர், என்றா சுகந்தமலர் அக்கா, அவவுக்கு அது இருக்கிறது.
ஸ்லீப், கடைசி இருக்கையில் கண் திறக்காமல் யாரோ.
ஸ்மைல். ஸ்னேக். ஸ்ரோன்.
ஸ்கூல் என்றாள் ஒருத்தி,
ஆறு என்று தள்ளினோம்.
தருமபுரத்தில் ஆட்கள் இறங்க நின்றபோது
ஷெல், என்றாள் வினோதராணி.

விரல்கள் மடிந்தன.
எஸ், எச், ஈ, எல், எல்.
"அது இங்கிலீசே?" என்றா சுகந்தமலர் அக்கா,
"நான் தமிழெண்டெல்லோ நினைச்சன்."
ஒருவரும் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தோம்,
டிறைவர் கண்ணாடியில் பார்க்குமளவு.

"ஷெல் எண்டா சிப்பி" என்றாள் அஜந்தினி,
வேலைக்கு வந்து ஒரு மாதம், பத்தொன்பது வயது.
"நாலாம் வகுப்பில படம் கீறினனாங்கள்."
சிப்பியோ, என்று கேட்டோம்.
சிப்பிதான், என்றாள்,
நாங்கள் ஏன் திரும்பிப் பார்த்தோம் என்று விளங்காமல்.
ஒரே எஸ், ஒரே ஐந்து,
நடுவிலுள்ள எழுத்துகளும் அதேதான்.
அட்டை இதற்கு என்ன செய்யும்?
விசுவமடுவரைக்கும் வேறு சொல் வரவில்லை.

அடுத்த கிழமை புதிய அட்டை.
எழுத்தே இல்லை, எல்லாம் இலக்கம்.
கறை ஒன்று, நிறம் இரண்டு, பதினாலு வரைக்கும்.
ஆனாலும் பேனையை எடுக்க முந்தி
என் விரல் தன்பாட்டில் மடிகிறது.

வெளிறினவற்றை எங்களுக்கே மலிவாய் விற்றார்கள்.
ஒன்று வாங்கினேன், தம்பிக்கு.
கொலரைப் புரட்டிப் பார்த்துக் கேட்கிறான்,
"எஸ் ஐஞ்சு எண்டா என்னக்கா, சைஸோ?"

"சேட்" என்றேன்.