அடிப்படை ஆண்டு

மார்லெட் கவுண்டியின் வரி அலுவலகத்தில்
வீடுகளுக்கு விலை எழுதுவது என் வேலை.
அளக்கும் சக்கரம், கேமரா,
நாய்களுக்காகச் சட்டைப்பையில் பிஸ்கட்.

அந்த ஜூனில் ஒரு புதுப் படிவம் தந்தார்கள்.
கருகல் பகுதி என்று மேலே அச்சிட்டிருந்தது.
உடைந்த சன்னல்,
ஒழுகும் கூரை,
ஆளில்லா மனை;
பாதிக் கட்டங்களில் குறி விழுந்தால்
தெரு முழுவதும் கருகல்.

மூடிய கண்ணாடித் தொழிற்சாலையிலிருந்து
ஆற்றுப் பாலம் வரை நடந்தேன்.
குறி போட்டுக் கை வலித்தது.
ஆளில்லா மனை என்று பதிவேடு சொன்ன இடத்தில்
வெர்லீன் ஸ்ட்ரவுட்
தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.
"கருகலா? போன வருஷம் வந்தது.
இலையைக் கிள்ளி எரித்தேன், போய்விட்டது."
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

செவ்வாய் இரவு கூட்டம்.
ஆலோசகர் திரையில் ஒரு படம் காட்டினார்:
செங்கல் நடைபாதை, காபிக் கடை,
நிழல் விழாத மனிதர்கள்,
எல்லோருக்கும் ஒரே நாய்.
கணக்கு எளிது என்றார்.
இன்றைய மதிப்பை இன்றே உறைய வைப்போம்.
அதற்குரிய வரி எப்போதும்போல்
பள்ளிக்கும் தீயணைப்புக்கும் நூலகத்துக்கும்.
அதற்கு மேல் முளைப்பதெல்லாம்
இருபத்தைந்து வருஷம் கடன்பத்திரத்துக்கு.
அந்தக் கடனில்தான் சாக்கடை, விளக்கு, நடைபாதை.
அவை வந்தால்தான் முளைக்கும்.

கன்று போடாத மாட்டின் பாலுக்கு
முன்பணம் வாங்குகிற கணக்கு.
கேலியாகச் சொல்லவில்லை.
மாடு வாங்க வேறு வழி
எங்களிடமும் இல்லை.

பள்ளிக் குழுவின் ட்யூயி ப்ரூயிட் எழுந்தார்.
போன குளிர்காலத்தில் கொதிகலன்
இரண்டு முறை நின்றது என்றார்.
"இன்று முதல் வகுப்பில் சேரும் பிள்ளை
கல்யாணம் முடித்து வரி கட்டும் வரை
எங்கள் பங்கு இதே தொகைதானா?"
"இது இல்லாவிட்டால் முளைப்பே இல்லையே"
என்றார் ஆலோசகர்.

இல்லாவிட்டால்.
கவுண்டி முழுவதும் அந்த ஒரு சொல்லின்மேல் நின்றது.
நடக்காததை யார் அளப்பது?
என் சக்கரம் அங்கே உருளாது.

மூன்றுக்கு இரண்டு. நிறைவேறியது.
இருநூற்றுப் பதினான்கு லட்சம் டாலர் என்று
அடிப்படை மதிப்பைத் தட்டச்சு செய்தது நான்தான்.
கையெழுத்தின் நடுவே தலைவரின் பேனா நின்றுபோனது.
தன் பேனாவை நீட்டினார் ஆரின் டேக்கெட்,
எதிர்த்து வாக்களித்தவர்.

இரண்டு வருஷம் எதுவும் முளைக்கவில்லை.
கட்டுமானக் கம்பெனி
வட்டி இறங்கட்டும் என்று காத்திருந்தது.
தொழிற்சாலை வாசலில் அந்தப் படம் பலகையாக நின்றது.
வெயிலில் முதலில் வெளுத்தது நாய்.

மூன்றாம் வருஷம் ஓர் அனுமதிச் சீட்டு வந்தது.
எல்லைக்குள் முதல் வளர்ச்சி.
போய்ப் பார்த்தால்
வெர்லீன் கூரைக்குப் புதுத் தகடு,
வாசல் கைப்பிடிக்குப் பச்சை வண்ணம்.
நாலாயிரம் டாலர் கூட்டி எழுதினேன்.
வரி வருஷத்துக்கு எண்பது.
"பள்ளிக்கா?" என்றாள்.
அவள் மகன் நாலாம் வகுப்பு.
"இல்லை. தெருவுக்கு."

அவள் தெருவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.
பாலத்தருகே மட்டும்
கடனில் பதித்த புது ஓரக்கல்.
"இதில் என் எண்பது டாலர் எது?"
சரியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.
சக்கரத்தை உருட்டினேன்.
ஒரு முழம்கூட வரவில்லை.

அவள் அதன்மேல் ஒரு காலை ஊன்றி
அசைகிறதா என்று பார்த்தாள்.
அசையவில்லை.
"நல்ல கல்தான்" என்றாள்.
குளிர் வருவதற்குள் பையனுக்கு
இன்னொரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்றாள்,
வேறு பேச்சு போல.