வாளியில் ஏழு லிட்டர்

செயின்ட் ஜான்ஸில் ஜூன் என்பது
சாயம் போன ஏப்ரல்.
எங்கள் ஒரே ஜன்னல்
தெருவின் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது.
ஆட்களைக் காலணியை வைத்து அறிவேன்:
தபால்காரர்,
கிழநாயை இழுத்துப்போகும் டோலோரஸ்,
மாதம் முதல் தேதி மட்டும்
நின்று திரும்பும் பழுப்பு பூட்ஸ்.

பழுப்பு பூட்ஸ்தான் கிளீட்டஸ் ஹைன்ஸ்.
மாடி அவருடையது.
அடியில் ஊறுவது எங்களுடையது.
நெஞ்சில் ஈரமில்லாதவர் என்று சொல்ல மாட்டேன்,
கிறிஸ்துமஸுக்குப் போத்தலில் அடைத்த
கடமான் கறி கொண்டுவந்தவர்.
சுவர் என்று பேச்செடுத்தால்தான்
"ஜன்னலைத் திறந்து வை, லியோனா" என்பார்.
திறந்து வைத்தேன்.
துறைமுகத்திலிருந்து ஏறி வந்த மூடுபனி
படியிறங்காமலே உள்ளே நுழைந்து
கொடியில் கிடந்த பள்ளிச் சட்டைமேல்
உட்கார்ந்துகொண்டது.

தேவாலயத்துப் பழையபொருள் விற்பனையில்
இருபது டாலருக்கு வாங்கிய
ஈரம் உறிஞ்சும் இயந்திரம்
ராத்திரி முழுக்க முனகும்.
காலையில் வாளியில் ஏழு லிட்டர்.
மழை நாளில் ஒன்பது.
நேற்றைய சுவரைக் கையில் தூக்கிப்போய்
தொட்டியில் கொட்டுகிறேன்,
வெதுவெதுப்பாக இருக்கிறது.

பூத்திருந்தன:
என் கறுப்புக் காலணி,
அலமாரியின் முதுகு,
டெக்லனின் ஞானஸ்நான உடுப்பு வைத்த
அட்டைப்பெட்டி.
பூ என்று எதற்கெல்லாம் சொல்கிறோம்.

சோபாவை நகர்த்திய அன்று
மிளகுத்தூள் சிந்தியதுபோல் இருந்தது.
அடுத்த வாரம் லாப்ரடார் மாதிரி இருக்கிறதென்றான் டெக்லன்.
சுவர் இருந்தால்தான் சித்திரமாம்.
இந்தச் சுவருக்கு ஆள் வேண்டாம்,
தானே வரைந்துகொள்கிறது.
ஞாயிறுதோறும் அதன் கரையைப்
பென்சிலால் சுற்றி வந்து
தேதி போட்டேன்,
வாடகைத் தீர்ப்பாயத்தில் காட்ட.

அதே சுவரில், குளிர்பெட்டிக்கு இந்தப் பக்கம்,
அதே பென்சிலில்
வேறு கோடுகளும் இருந்தன.
மூன்றடி நாலு, பள்ளி தொடங்கிய நாள்.
மூன்றடி எட்டு, மூச்சுக்குப் பம்ப் எழுதிக்கொடுத்த வாரம்.
நாலடி, பல் விழுந்த வாயோடு
குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்த்தது.

தீர்ப்பாயம் என்ற சொல் மாடியேறிய மறுநாள்
நான் ஆஸ்பத்திரியில் இரவுத் துடைப்புக்குப் போயிருக்கையில்
கிளீட்டஸ் வந்து சுண்ணாம்பு வெள்ளையில்
மூன்று பூச்சு பூசியிருந்தார்.
குறை சொல்ல முடியாத வேலை.
மின்பொத்தானைச் சுற்றித் தாள் ஒட்டிப் பூசியிருந்தார்.
"புது வீடு மாதிரி" என்றார்.
தேநீர் போட்டுக் கொடுத்தேன்.
கோப்பையைத் தந்த கையால்
நாலு வயசு நின்ற இடத்தைத் தடவினேன்.
பிசுபிசுத்தது.

பத்தொன்பதாம் நாள்
மிளகு திரும்பி வந்தது.
அதே இடம், அதே கடற்கரை,
ஒரு குடா கூடத் தப்பவில்லை.
குளிர்பெட்டிக்கு இந்தப் பக்கம்
நானும் குனிந்து குனிந்து பார்க்கிறேன்,
வெள்ளை மட்டும்தான்.

படிவத்தில் ஒரு கேள்வி:
சேதமான பொருட்களும் மதிப்பும்.
மெத்தை, இருநூறு.
காலணி இரண்டு ஜோடி, எண்பது.
மூன்றாம் வரியில்
ஒரு பையனின் நாலிலிருந்து எட்டு வரை
என்று எழுதி
மதிப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
அடிக்கவில்லை. தொகையும் போடவில்லை.
அப்படியே அனுப்பிவிட்டேன்.

நேற்று டெக்லன்
"என்னை அளக்கவே இல்லையே" என்றான்.
இந்தச் சுவரில் வேண்டாம் என்றேன்.
உளுத்துப்போன கட்டிலிலிருந்து
கொஞ்சம் நல்லதாய் ஒரு பலகையைக் கழற்றி வந்தான்,
தன்னைவிட நீளமானது,
எந்த வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போகலாமாம்.
கோடு இழுத்தேன்.
பென்சில் பிடிக்கவில்லை,
மரம் ஈரம்.

பலகையை இயந்திரத்தின் முன் சாய்த்துவிட்டு
இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறோம்.
வாளியில் சொட்டுகிறது.
நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறான்,
அதற்குள் குறைந்துவிடுவான்போல.