இடக்கைக்கு ஒரு பொக்கற்

என் சட்டைகள் எல்லாவற்றுக்கும்
இடப்பக்கம் மட்டும் ஒரு பொக்கற்.
ஹம்டன் ஒழுங்கையில் தைக்கும் ஸுலைஹா
வலப்பக்கமும் வைக்கட்டோ என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.
வேண்டாம்.
உயர் மின்னழுத்தத்துக்கு ஒரு கை போதும்.
மற்றது உள்ளே கிடந்தால்
கைக்குக் கை பாய்ந்து நெஞ்சைக் கடக்க
மின்சாரத்துக்கு வழியில்லை.
இதைச் சொன்ன நாளிலிருந்து
எனக்கு மட்டும் பொக்கற்றில் இரட்டைத் தையல் போடுகிறாள்.

ஸ்கோப் கிடைத்தது பஞ்சிகாவத்தையில்,
கியர்பொக்ஸ் குவியலுக்குப் பின்னால்.
பழைய இரும்பு விலைக்கு நிறுத்துத் தந்தான்:
இருபத்தேழு கிலோ.
உள்ளே முப்பத்தொரு வால்வு, காய்ந்த பல்லி ஒன்று.
பல்லியை மட்டும் எடுத்து எறிந்தேன்.
நூறு வாற்று குண்டு பல்பைத் தொடரில் மாட்டி
மெல்ல மெல்ல எழுப்பினேன்,
மயங்கி விழுந்தவருக்கு
மிடறு மிடறாகச் சோடா கொடுப்பதுபோல.
இரண்டாம் நாள் மாலை
பச்சைக் கோடு ஒன்று வந்து நின்றது.

புதிய டிஜிட்டல் ஸ்கோப்பும் இருந்தது என்னிடம்.
ஒரு பொறி. ஒரே ஒரு பொறி.
தவணை இன்னும் நாலு மாதம் கட்ட வேண்டும்.

இன்றைக்கு மேசையில்
திம்பிரிகஸ்யாய மிருக வைத்தியசாலையின் எக்ஸ்ரே பெட்டி.
பின்னங்கால் முறிந்த நாய் ஒன்று காத்திருக்கிறதாம்.
டொக்டர் சமோதி அழைக்கிறாள்:
இன்னும் எவ்வளவு நேரம் என்று எனக்குச் சிங்களத்தில்,
இரு ராசா இரு என்று நாய்க்குத் தமிழில்.

கடற்பக்க யன்னலை அடைத்தேன்.
வெள்ளவத்தை உப்புக் காற்று பட்டால்
முப்பதாயிரம் வோல்ற்று
காப்புப் பீங்கானின் மேலாகவே நடந்து வந்துவிடும்.
இருட்டில் ஒரு சீறல். ஊதா நுனி. ஓசோன் வாசம்.
ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஸ்கோப்புக்குப் போகிறது.
அங்கே முப்பதாயிரம், இங்கே முப்பது.
பெரிய சாவு ஒன்று
தந்தியில் மூன்று சொல்லாக வந்து சேர்வதுபோல.

பார்த்தேன்.
ஒவ்வொரு முகட்டிலும் மயிரளவு வெட்டு,
வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல்.
கண்ணைச் சுருக்கி, மூச்சைப் பிடித்து,
விளக்கை அணைத்தால்தான் தெரியும் மங்கல்.
கொதிக்கும் எண்ணெய்க்குள் எங்கோ ஒரு டயோட்
தவணை முறையில் செத்துக்கொண்டிருக்கிறது.

நிறுத்தினேன்.
நிலக்கம்பி கட்டிய தடியால் கொள்ளளவியைத் தொட்டேன்.
பட்டாசு வெடித்தது. கோடு பூச்சியத்தில் விழுந்தது.
மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

மறுபடி போன்.
நாய் உதவியாளரைக் கடித்துவிட்டதாம்.
சிரித்துவிட்டுத் திரும்பி
டயோட்டைக் கழற்றக் கை நீட்டுகிறேன்.

கோடு பூச்சியத்தில் இல்லை.

அரைக் கட்டம் மேலே.
பழைய ஸ்கோப், சூடேறினால் நகரும், அதன் சுபாவம்
என்றது ஒரு மனம்.
நகர்வதாகவே இருக்கட்டும் என்றது ஆறு மணிப் பசி.
உள்ளீட்டை நிலத்துக்குத் திருப்பிப் பார்த்தேன்:
கோடு இறங்கியது.
திரும்ப விட்டேன்: ஏறியது.
நகரவில்லை. உண்மையைச் சொல்கிறது.
இரண்டாயிரத்து ஐந்நூறு வோல்ற்று,
யாரும் ஊட்டாமல், தானாக.
கவிழ்த்துக் கொட்டிய குடத்தை நிமிர்த்தினால்
சுவரில் ஒட்டிய நீர் மெல்ல அடியில் சேருமே,
அப்படி.

வலக்கை விரலுக்கும் அதற்கும்
நாலு அங்குலம்.
இடக்கையைத் தேடினேன்.
பொக்கற்றில் இல்லை.
போனைப் பிடித்தபடி
எக்ஸ்ரேயின் இரும்புச் சட்டத்தில் சாய்ந்து
வெகு நிம்மதியாக இருந்தது.

மறுபடி தடி. இம்முறை சின்ன வெடி.
கம்பியைக் கழற்றவில்லை, அங்கேயே முறுக்கிக் கட்டினேன்.
கோட்டைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தேன்.
பாணந்துறை ரயில் போனது. மேசை அதிர்ந்தது.
கோடு அசையவில்லை.

நாளைக் காலை என்று சமோதிக்குச் சொன்னேன்.
ஸுலைஹாவிடம் போக வேண்டும்.
போனுக்கு ஒன்று
வலப்பக்கம்.