கடினப் பாறை, பதினொரு மீட்டர்

களியக்காவிளையில் சந்தைக்குப் பின்தெரு.
இந்தக் கம்பத்தோடு எங்கள் வாரியம் முடிகிறது,
அடுத்த கம்பம் கேரளம்.
எந்தப் பக்கம் கரண்ட் போனாலும்
மறுபக்கத்து ஒயரை இழுத்துக்கொள்ளும் டீக்கடை ஒன்று நடுவில்.
அதை நான் பார்க்கவில்லை.

இடவப்பாதி மழையில் அறுந்து கிடந்ததை
பால்வெட்டப் போன சுனில்ராஜ்
விடியுமுன் மிதித்த பிறகுதான்
கம்பிகளை மண்ணுக்குள் இறக்க உத்தரவு வந்தது.

மேலே இருந்தவரை யாரும் அண்ணாந்து பார்க்காத கம்பி,
கீழே போகிறது என்றதும் தெருவே கூடிவிட்டது.
எல்லாம் உள்ளே போகும்,
ஒரு பெட்டி மட்டும் வெளியே நிற்கும் என்றேன்.
இடுப்புயரம், சாம்பல் நிறம், மண்டையோட்டுப் படம்.
யார் வாசலில்?

தோபியாஸ் வீட்டில் கல்யாணம், மண்டையோடு ஆகாது.
சசிதரன் நாயருக்கு அது கன்னிமூலை.
பாஸ்டர் ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்,
இன்னும் ஜெபித்துக்கொண்டிருக்கிறார்.

குளோரி பாய் தையல் மெஷினை நிறுத்தாமல் சொன்னார்:
"எம் முற்றத்துல வையுங்க மேடம்.
அந்த வருக்கையைத் தொடாம இருந்தா போதும்."

வருக்கைப் பலா.
கம்பியில் உரசுகிறதென்று
எங்கள் ஆட்கள் வருடாவருடம் கழித்ததில்
சலூன்காரன் பாதியில் எழுந்துபோனது போல
ஒரு பக்கம் மட்டும் தலை வளர்ந்த மரம்.
பதினான்கு வருடம் கிளை வெட்டிய துறை
இப்போது வேர் வெட்ட வந்திருக்கிறது.
நான் கமுதிக்காரி.
எங்கள் பக்கம் கருவேலத்துக்காக யாரும் முகம் சுளிப்பதில்லை.

ஜேசிபி இறங்கியது. ஓரடியில் குடிநீர்க் குழாய்.
அதன்கீழ் செல்போன் கம்பெனியின் ஆரஞ்சுக் குழாய்.
அதன்கீழ் மலையாள எழுத்தில் ஓர் எல்லைக்கல்.
"கல்லு இருந்த இடத்துலதான் இருக்கு,
நாங்கதான் மாறினோம்" என்றார் நாயர்.

பிறகு தொடைப் பருமன் வேர்.
பல் பட்ட இடத்தில் பால்.
ஆபரேட்டர் என்னைப் பார்த்தான்.
குளோரி பாய் பார்க்கவில்லை.
மெஷின் சத்தம் மட்டும் நின்றிருந்தது.

திருத்திய எஸ்டிமேட்டில் அன்று மாலை எழுதினேன்:
கடினப் பாறை. தடம் விலக்கப்பட்டது.
கூடுதல் கேபிள் பதினொரு மீட்டர்.
மரம் என்று எழுதினால் கோப்பு திரும்பி வரும்.
பாறையை யாரும் கேள்வி கேட்பதில்லை.
நாகர்கோவிலில் ஒரே நாளில் கையெழுத்தானது.

இப்போது தெருவுக்கு மேலே ஒன்றுமில்லை.
காக்கைகள் எல்லை தாண்டிப் போய்
கேரளக் கம்பியில் உட்காருகின்றன.
பெட்டியின் மேல் மரச்சீனி வற்றல் காய்கிறது,
கூடாதென்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

ஆனி பிறந்ததும் அந்தப் பாறை காய்த்தது.
ஒன்றைச் சாக்கில் கட்டி ஆபீசுக்கு அனுப்பியிருந்தார்.
எண்ணெய் தடவ வேண்டுமென்று தெரியாமல் அறுத்தேன்.
மறுநாளும் கையில் பிசின்,
தொட்ட கோப்பெல்லாம்
விடாமல் கூடவே வந்தது.