கரண்டி

புளியந்தீவில், கோட்டைக்குப் பின்னால் மூன்றாவது கட்டடம்.
முன்னறையில் பல்தசார் துரையின் மருந்துக்கடை.
பின்னறையில் நான், ஈய எழுத்துகள், ஒரு கை அச்சு.
கப்பல் வந்தால்
வைக்கோலுக்குள் படுத்தபடி வரும் நீலப் போத்தல்கள்.
பன்னிரண்டுக்கு ஒன்று உடைந்திருக்கும்.
அந்த ஈர வைக்கோலைத் தின்ற கச்சேரி எழுதுவினைஞரின் மாடு
இரண்டு நாள் எழும்பவில்லை.
நாங்கள் சிரித்தோம்.

டாக்டர் கிராப்ட்ரீயின் கோர்டியல்.
கோர்டியல் என்றால் என்னவென்று கேட்டேன்.
‘வாயில நிக்கிற மாதிரி ஒரு பேர் வை’ என்றார் துரை.
சஞ்சீவித் திராவகம் என்று வைத்தேன்.
இலண்டன் தாளில் இருபத்தேழு வருத்தங்கள்.
முறைக்காய்ச்சல் தெரியும், வாந்திபேதி தெரியும்,
போன மாரியில் எங்கள் தெருவில் ஐந்து வீட்டை
அவைதான் பூட்டின.
சீமாட்டிகளுக்கு வரும் நரம்புத் தளர்வுக்கு
என்னிடம் சொல் இல்லை.
மனக்கரைச்சல் என்று போட்டேன்.
இருபத்தெட்டாவது, கண்ணூறு,
துரை சொல்லிச் சேர்த்தது.
அதற்குத்தான் கூட விற்றது.

பிள்ளை விடிய விடிய அழுதால்
ஒரு தேயிலைக் கரண்டி, என்றிருந்தது.
லேபல் இரண்டு விரல் அகலம்.
வரி கொள்ளவில்லை.
தேயிலையை எடுத்துவிட்டேன்.
யார் இங்கே தேயிலை குடிக்கிறார்கள்?
மலைநாட்டிலேயே இப்போதுதான் நடுகிறார்களாம்.
வரி அழகாக நின்றது, இரு ஓரமும் நேராக.
அந்த நேர்த்திக்கு
ஒரு சுருட்டுப் பற்றவைத்தேன்.

அறுநூறு லேபல். பசை காயுமுன்னே
உதுமாலெவ்வையின் தோணியில் ஏறின,
மண்முனைக்கு, அப்பால் வாவி ஓரத்து ஊர்களுக்கெல்லாம்.
போத்தல் அரை ரூபாய்.
வெறும் போத்தல் கொண்டுவந்தால் ஐந்து சதம்.
ஒருவரும் கொண்டுவரவில்லை.
நீலப் போத்தலில் தேன் நிற்கும், நல்லெண்ணெய் நிற்கும்,
திரி போட்டால் விளக்கும் எரியும்.
மருந்தைவிடப் போத்தலுக்குத்தான் ஆயுள்.

ஆவணி வெயிலில், படுவான்கரையிலிருந்து
ஒருத்தி வந்தாள். தெய்வானைப்பிள்ளை.
மகிழடித்தீவில் வண்ணக்கர் வளவுக்குப் பக்கத்து வீடு என்றாள்,
நாங்கள் கேட்காமலே.
போத்தலைச் சாம்பல் போட்டுக் கழுவியிருந்தாள்.
சேலைத் தலைப்பை அவிழ்த்து
ஒரு பித்தளைக் கறிக்கரண்டியை
மேசையில் வைத்தாள்.

‘இதுல ஒண்டு எண்டுதானே எழுதிக் கிடக்கு?
வாசிச்ச பொடியன் அப்பிடித்தான் சொன்னான்.
எனக்குப் பயம், ஐயா.
பாதிதான் குடுத்தேன்.
குறைச்சுக் குடுத்ததாலயா?’

லேபல் அப்படியே இருந்தது.
சாம்பலுக்கும் போகவில்லை.
நல்ல பசை, நானே காய்ச்சியது.

‘இல்லை’ என்றேன்.
அவ்வளவுதான் கொண்டது.

துரை ஐந்து சதத்தை நீட்டினார்.
அவள் ராணியின் தலையைத் திருப்பிப் பார்த்து,
தலைப்பில் முடிந்துகொண்டாள்.
கரண்டியையும் எடுத்துக்கொண்டாள்.
இரவைக்குக் கறி ஆக்க வேணுமே,
வீட்டில் இன்னும் நாலு பேர்.
‘மறுகா தோணி எப்ப?’ என்று மட்டும் கேட்டாள்.

விளக்கு வைத்தபின் அந்த வரியைத் திரும்பக் கோத்தேன்.
கரண்டிக்கு முன்னால் ‘சிறு’.
இரண்டே இரண்டு எழுத்து.
ஓரத்தில் நிறுத்தியிருந்த வெறும் ஈயத்துண்டை உருவினேன்.
கொண்டது.
முதலிலேயே கொண்டிருக்கும்.

காலையில் துரையிடம் காட்டினேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, பார்த்து,
‘நல்லம். பழசை முடிச்சுப்போட்டு இதைப் போடு’ என்றார்.
பழசு நானூற்றுப் பதினொன்று கிடந்தது,
ஒட்டி, காய்ந்து, வைக்கோலுக்குள்.

வெள்ளிக்கிழமை உதுமாலெவ்வை
துறையிலிருந்து கூப்பிட்டான்.
பெட்டி பாரம், ஒருவன் தூக்க ஏலாது.
நான் போய்
மற்றத் தலைப்பைப் பிடித்தேன்.