ஒரு மீட்டர் தண்டவாளம்

பல் வைத்தியருக்கு மேல்மாடி.
ஐந்து படுக்கை வண்டிகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மீட்டர் தண்டவாளம்.
முதல் நாள் டூப்ராவ்காவுக்குச் சிரிப்பு வந்தது:
ஜாக்ரெப் தெருக்களில்
இருபத்திரண்டு வருஷம் டிராம் ஓட்டியவளை
மல்லாத்திப் படுக்கவைத்து
மறுபடியும் வண்டியிலா ஏற்றுகிறீர்கள்?

"இதில் நீங்கள் பயணி" என்றாள் திஹானா.
"ஓட்டுவதும் நீங்கள்தான்" என்றாள் உடனே,
சிவப்புச் சுருள்வில் இரண்டு, நீலம் ஒன்று
கொக்கியில் மாட்டியபடி.

குதிகாலைக் கம்பியில் வை.
தள்ளு.
திரும்பி வா.

தள்ளுவது எளிது.
திரும்பி வருவதில்தான் குட்டு வெளிப்படுகிறது.
மற்ற நான்கு வண்டிகளும்
பூனை பாலுக்கு வருவதுபோல் வந்து சேர
இவளுடையது மட்டும்
டங்கென்று முட்டி நிற்கும்.
பக்கத்தில் மருந்துக்கடை ஸ்வோனிமிர்
ஒவ்வொரு டங்குக்கும் கண் இமைப்பார்,
மரியாதைக்காகக் கூரையையே பார்த்துக்கொண்டு.

"உங்கள் வலது கால் எதையோ மிதிக்கிறது.
கம்பியை அல்ல."

வாரம் இரண்டு நாள். அக்டோபர் போயிற்று.
ததும்பும் தட்டை ஏந்துவதுபோல்
இடுப்பைச் சாயாமல் பிடிக்கக் கற்றாள்.
பாயைச் சுருட்டுவதுபோல்
வாலெலும்பிலிருந்து முதுகைத் தூக்கி
எலும்பு எலும்பாய் இறக்கிவைத்தாள்.
நடுவில் மூன்று மட்டும்
ஒன்றாய்த்தான் இறங்கின,
கடைசி வண்டிக்கு ஓடிவந்து
ஒரே கதவில் நெருக்கும் மூன்று பேர் மாதிரி.

விலாவின் பின்பக்கம் மூச்சை அனுப்புங்கள்
என்றாள் திஹானா.
பின்பக்கம் என்று ஓர் ஊர் இருப்பதே
இவளுக்குத் தெரியாது.
ஐம்பத்து மூன்று வயதுவரை
உடம்பு என்றால்
இரண்டு கைகள், கண்ணாடிக்கு வெளியே
ஓடிவரும் சாலை, அவ்வளவுதான்.
மீதியெல்லாம்
சீட்டு எடுக்காமல் ஏறிக்கொண்ட கூட்டம்.

தலையில் புள்ளி உட்கார்ந்த மெய்யெழுத்தாய்
வாய்க்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தாள்.
ஓர் அகரம் போதும்.
அது வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை,
ஜன்னலில் மழையா பனியா என்று
தீர்மானிக்காத எதுவோ வழிந்துகொண்டிருக்க,
முழங்கால் மடங்கித் திரும்பும் பாதி வழியில்
கால் மிதித்தது எதை என்று தெரிந்தது.

பாலத்துக்கு முந்தைய வளைவு.
இதே நவம்பர், பதினோரு வருஷம் முன்பு.
சக்கரத்துக்கு முன்னால்
கறுப்பாய் ஏதோ விழுந்தது.
முழு பிரேக். மணி. தண்டவாளத்தில் மணல்.
நின்றிருந்தவர்கள் எல்லோரும்
ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள்.
இறங்கிப் போய்ப் பார்த்தால்
குடை.
காற்று பிடுங்கிய வெறும் குடை.
உரியவர் நடைபாதையில் நின்று
கைகளை விரித்து மன்னிப்புக் கேட்டார்.
ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.
ஏழு நிமிடத் தாமதம் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டாள்.

கையெழுத்துப் போட்டது கை.
காலுக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றும் வண்டி முட்டியது.
சத்தம் கொஞ்சம் குறைவு.
ஸ்வோனிமிர் இமைத்தார், பழக்க தோஷம்.

வீட்டுக்கு டிராமில் போனாள்,
ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை.
காதில் கடுக்கன் போட்ட பையன்
வளைவை அலட்டாமல் எடுத்தான்.
இவள் கால் தரையை மிதித்தது.
இந்தத் தடவை பார்த்துக்கொண்டிருந்தாள்:
பெருவிரல், ஆடுசதை, தொடை,
வயிறு வழியாக ஏறி
விலாவில் போய்த் தாழ்ப்பாள் விழுந்தது.
தடுக்கவில்லை.
பார்த்தாள்.

மூச்சு வெளியே வந்தபோது
அவளுடைய நிறுத்தம் கடந்துவிட்டிருந்தது.

அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தாள்.
குதிகால், பாதத்தின் வெளியோரம், விரல்கள்.
சேற்றுப் பனியில் இரண்டு வரிசைத் தடம்,
வலது கொஞ்சம் ஆழமாக.